உப்பு தின்றால் உடம்பு உப்புமா?

“ஊறுகாயைத் தொடாதே, உப்பிப் போகாதே!”

இந்த வாசகத்தை நான் முதலில் கேட்டது பக்கத்து ஊரில் நடந்த ஒரு சமுதாய வளைகாப்பில். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். கல்யாண மண்டபத்தில் முப்பது கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கன்னத்தில் சந்தனம், கை நிறையக் கண்ணாடி வளையல். மைக் பிடித்தவர் உணவே மருந்து என்று ஊர் ஊராகப் பேசுகிறவர். வாசகத்தைச் சொல்லிவிட்டு, எல்லாரும் திருப்பிச் சொல்லுங்கள் என்றார். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல முப்பது பேரும் சொன்னார்கள்.

பிறகு சாப்பாடு. புளிசாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல். இலையில் ஊறுகாய் மட்டும் கிடையாது, பேச்சாளரின் உத்தரவு. அவர் இலையில் அப்பளம் மூன்று தடவை விழுந்ததை நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். உப்பும் அப்பளக்காரமும் சேராமல் அப்பளம் ஏது? அப்பளத்துக்கு எதுகை கிடைத்திருக்காது போலிருக்கிறது, பாவம்.

அன்றிலிருந்து இந்த வாசகம் என்னை விடவில்லை. வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு காலை வணக்கமாக வருகிறது. ஒரு ஸ்கேன் சென்டர் சுவரில் லேமினேஷன் போட்டு மாட்டியிருந்தார்கள். போன மாதம் என் அண்ணன் மருமகள், ஐந்து மாதம், போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “அத்தை, நேத்து தயிர்ச்சோத்துக்கு ஒரு துண்டு மாங்கா ஊறுகா தொட்டுக்கிட்டேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?” களவு செய்துவிட்டு வந்தவளின் குரல் அது. இனியும் சும்மா இருக்க முடியாது.

ஊறுகாய் விரோதிகள் சொல்லும் காரணங்கள் நாலு. மூன்றுக்கு நாலு வரிக்கு மேல் செலவழிக்க எனக்கு மனமில்லை.

ஒன்று, சூடு. ஊறுகாய் உடம்புக்குச் சூடாம், கரு கலைந்துவிடுமாம். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதி, குரோமோசோம் எண்ணிக்கை ஆரம்பத்திலேயே பிசகிப்போனதால் கலைபவை. நல்லெண்ணெயில் ஊறிய மாங்காய்த் துண்டு அங்கே போய் எண்ணிக்கையைத் திருத்தாது. நெஞ்செரிச்சல் வரும், அது நிஜம். கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்திவிடுகிறது. போதாக்குறைக்குக் கீழேயிருந்து பிள்ளை முட்டுகிறது. எரிந்தால் அவளே நிறுத்திக்கொள்வாள். அதற்கு மைக் எதற்கு?

இரண்டு, கெமிக்கல். கடைப் பாட்டில் ஊறுகாயில் சோடியம் பென்சோயேட் இருக்கும். லேபிளில் சிலசமயம் 211 என்ற எண்ணாக இருக்கும். அதே 211 கூல்டிரிங்க்ஸிலும் உண்டு. அதற்கு யாரும் கோஷம் எழுதவில்லை. பிடிக்காவிட்டால் வீட்டில் போடுங்கள்.

மூன்று, பூஞ்சை. ஈரக் கரண்டி விட்டுப் பூஞ்சை பூத்த ஊறுகாயை யாருமே தின்னக்கூடாது. இதற்கு ஏழு மாதம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

நாலாவதுதான் உப்பு.

வாசகத்தின் பிழைப்பே அந்தச் சொல்லில்தான் நடக்கிறது. உப்பு என்றால் தூத்துக்குடி அளத்தில் விளைவது. உப்புவது என்றால் வீங்குவது. இரண்டும் ஒரே எழுத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று காது நம்பிவிடுகிறது. பூரி உப்புகிறது, மாவில் போட்ட உப்பாலா? உள்ளே அடைபட்ட நீராவியால். சிலேடையைக் காளமேகம் பாடினால் ரசிக்கலாம். அதையே மருத்துவமாகப் பேசினால்?

இதோடு போனாலும் பரவாயில்லை. மூன்றாவதாக ஒரு உப்பு இருக்கிறது. விபரீதம் முழுக்க அங்கேதான். ஆஸ்பத்திரியில் கர்ப்பிணியிடம் சின்னக் குப்பியைக் கொடுத்து, “யூரின்ல சர்க்கரை, உப்பு பார்க்கணும்” என்பார்கள். இரண்டு மாதம் கழித்து “உப்பு இறங்குது” என்பார்கள். வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக ஊறுகாய் ஜாடி பரணுக்கு ஏறும். ஆனால் அவர்கள் உப்பு என்று சொன்னது உப்பே அல்ல. அது ஆல்புமின் என்கிற புரதம். ரத்தத்தில் இருக்க வேண்டியது, சிறுநீரக வடிகட்டி பழுதாகும்போது சிறுநீரில் கசிகிறது. யாரோ ஒரு காலத்தில் ஜனங்களுக்குப் புரியட்டும் என்று உப்பு என்று பெயர் வைத்தார்கள். ஜனங்களுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது, தலைகீழாக.

என் அம்மா கிராம சுகாதாரச் செவிலியர். குச்சியை முக்கி நிறம் பார்க்கும் வசதி வருவதற்கு முன்னால் அந்தப் பரிசோதனையைச் செய்த விதம் எனக்கு மறக்காது. கண்ணாடிக் குழாயில் முக்கால் பாகம் சிறுநீர். சாய்த்துப் பிடித்து மேல்பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். சிலதில் மேல்பக்கம் பால்போல வெளுக்கும். உடனே முடிவு சொல்லமாட்டார். இரண்டு மூன்று சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவார். வெளுப்பு கரைந்து தெளிந்துவிட்டால் அது பாஸ்பேட், அதாவது நிஜமாகவே உப்பு வகை, கவலையில்லை. கரையாமல் அப்படியே நின்றால் ஆல்புமின். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி நீராகுமா? அதே கதைதான். கவனியுங்கள்: உப்பாக இருந்தால் பயமில்லை, உப்பாக இல்லாவிட்டால்தான் பயம். அசிட்டிக் அமிலம் வேறொன்றுமில்லை, வினிகரின் புளிப்பு. ஒரு புளிப்பு வந்து உப்பையும் புரதத்தையும் பிரித்துக் காட்டிய அந்த வித்தையை மைக் பிடித்தவர் ஒருமுறை பார்த்திருந்தால், வாசகத்தை மாற்றியிருப்பாரோ என்னவோ.

அந்த ஆல்புமின் எதற்காக இறங்குகிறது? கர்ப்பத்தில் 20 வாரத்துக்கு மேல் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதமும் இறங்கினால் அதற்கு முன்சூல்வலிப்பு என்று பெயர். முற்றினால் வலிப்பு. கிராமத்தில் ஜன்னி என்று சொல்லித் தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் புதைத்த கதைகளில் பல இதுதான். இதன் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கரு பதிந்த ஆரம்ப மாதங்களில் கருப்பையின் ரத்தக்குழாய்கள் அகன்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பற்றாமல் போகிறது, அது வெளிவிடும் பொருட்கள் தாயின் ரத்தக்குழாய்களை எங்கும் கெடுக்கின்றன. முதல் பிரசவம், இரட்டைப் பிள்ளை, முந்தைய பிரசவத்தில் வந்தது, தாய்க்கோ அக்காளுக்கோ வந்தது, ஏற்கெனவே சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, அதிக எடை, இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும். இந்தப் பட்டியலில் மாவடு இல்லை.

பேச்சாளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லைதான். இந்தப் பாடத்தை டாக்டர்களும் ஒரு காலத்தில் நடத்தினார்கள். ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் கர்ப்பிணிகளுக்கு உப்பில்லாச் சாப்பாடு எழுதிக் கொடுத்தார்கள். 1958-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றிலிருந்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சுமார் இரண்டாயிரம் கர்ப்பிணிகள். பாதிப் பேரிடம் உப்பைக் கூட்டச் சொன்னார்கள், பாதிப் பேரிடம் குறைக்கச் சொன்னார்கள். இந்த நோய் குறைவாக வந்தது யாருக்கு? உப்பைக் கூட்டியவர்களுக்கு! இதைப் படித்த அன்று எனக்கு ஒரு வளைகாப்பு மேடை கிடைக்காமல் போய்விட்டது. (இதைக் காட்டி உப்பை அள்ளித் தின்னச் சொல்லமாட்டேன், இன்றைய முறைப்படி நடந்த ஆய்வு அல்ல அது.) பிறகு உப்புக் குறைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நெதர்லாந்திலேயே முறையாகச் சோதித்தார்கள். இரண்டு ஆய்வுகள், சுமார் 600 பெண்கள். உப்பைக் குறைத்ததால் நோய் தடுக்கப்பட்டது என்று காட்ட முடியவில்லை. 2011-இல் உலக சுகாதார நிறுவனம், இந்த நோயைத் தடுப்பதற்காகக் கர்ப்பிணிகளிடம் உப்பைக் குறைக்கச் சொல்வதைப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியே வைத்துவிட்டது. பதிலாகச் சொன்னது என்ன? சாப்பாட்டில் சுண்ணாம்புச்சத்து குறைந்த நாடுகளில் கால்சியம் மாத்திரை. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு டாக்டர் பார்த்துச் சிறிய அளவு ஆஸ்பிரின். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுத்த கால்சியம் மாத்திரை எத்தனை வீட்டில் அலமாரி மேல் அட்டை பிரிக்காமல் கிடக்கிறது என்று அந்தப் பேச்சாளர் ஒருநாளாவது கேட்டிருப்பாரா?

கால் வீக்கத்தையும் முடித்துவிடுகிறேன். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. அதைத் தாங்க உடம்பே சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வளர்ந்த கருப்பை இடுப்பு ரத்தக்குழாய்களை அழுத்துவதால் சாயங்காலம் கணுக்கால் வீங்குவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, ஊறுகாயே தெரியாத ஊர்களிலும் உண்டு. ராத்திரி கால் நீட்டிப் படுத்து எழுந்தால் வடிந்துவிடும். காலையிலேயே முகம் உப்பினால், விரல் மோதிரம் கழலாவிட்டால், தலைவலி விடாவிட்டால், கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால், அது வேறு. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த மணியே கிளம்பிப் போய் பிபி பார்ப்பது.

என் சித்தி மகளுக்கு எட்டாம் மாதம் அப்படித்தான் காலையில் முகம் வீங்கியது. மாமியார் கேட்ட முதல் கேள்வி, “ஏட்டி, ஊறுகா தின்னியா?” தின்றிருந்தாள். தினமும் ராத்திரி, யாருக்கும் தெரியாமல், உப்பு நார்த்தங்காய். ஒப்புக்கொண்டதும் விசாரணை முடிந்தது. தீர்ப்பு, மூன்று நாள் உப்பில்லாக் கஞ்சி. தலைவலிக்கு நெற்றியில் சுக்குப் பற்று. நாலாம் நாள் “கண்ணு முன்னால பூச்சி பறக்கு” என்றாள். ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனபோது பிபி 170/110. அன்று அவளை வலிப்பிலிருந்து காத்தது எது தெரியுமா? மெக்னீசியம் சல்பேட் ஊசி. நம் பாட்டிகள் பேதி உப்பு என்று வாங்கி வைத்திருந்தார்களே, அதேதான், நாலாவது உப்பு. 2002-இல் முடிந்த மேக்பை ஆய்வில், 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களுக்கு மேல் பார்த்து, இந்த ஊசி வலிப்பு வரும் ஆபத்தைப் பாதியாக்குகிறது என்று நிறுவினார்கள். ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை 1.6 கிலோ. இன்று பாலிடெக்னிக்கில் படிக்கிறான். மாமியார் இன்றைக்கும் நார்த்தங்காயைத்தான் சொல்கிறார். அந்த மூன்று நாளைச் சொல்வதில்லை.

உப்பே பிரச்சினை இல்லை என்று நான் சொன்னதாகக் கிளப்பிவிடாதீர்கள். பிரச்சினைதான், எல்லாருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்கள் வீட்டுக் கணக்கு ஒரு கிலோ மாங்காய்க்கு 200 கிராம் கல்லுப்பு, 100 கிராம் மிளகாய்த்தூள், கடுகும் வெந்தயமும் பொடித்தது ஒரு பிடி, கால் லிட்டர் நல்லெண்ணெய். எல்லாம் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே. ஒரு தேக்கரண்டி எடுத்தால் உள்ளே போகும் உப்பு ஏறக்குறைய ஒரு கிராம். காய்ந்த நார்த்தங்காய் என்றால் இன்னும் கூடும். அதை நகக்கண் அளவு கிள்ளிக்கொள்ள வேண்டியதுதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆக, ஒரு தேக்கரண்டி ஊறுகாய் ஐந்தில் ஒரு பங்கு. சும்மா அல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மற்ற கணக்கையும் பாருங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒரு மாதத்தில் தீர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் ஆகிறது. இது ஊறுகாயைத் தொடாமலே. சாம்பார், ரசம், பொரியல், இட்லி மாவு, சட்னி, மோர் என்று கரைந்துபோகும் எட்டு கிராம். இதில் கை வைக்கலாமே? வைக்கமாட்டார்கள். குழம்பில் உப்பைக் குறைத்தால் மாமனார் தட்டைத் தள்ளுவார், புருஷன் முகம் சுளிப்பான். ஊறுகாயை நிறுத்தினால் நாக்கு செத்துப்போவது ஒருத்திக்கு மட்டும்தான். எதை நிறுத்துவது சுலபம் என்று பார்த்து, அதற்கு ஏற்ற விஞ்ஞானத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். ஏற்கெனவே ரத்தக்கொதிப்போ சிறுநீரக, இதய நோயோ உள்ளவர்களுக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அது வேறு. அவர்கள் கேட்டே ஆக வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த முப்பது பேருக்கும் அதே சீட்டை எழுத மைக் பிடித்தவர் யார்?

அவர் பேச்சில் என்னை மிகவும் குத்தியது ஒரு வரி. “நாக்கை அடக்கத் தெரியாதவள் எப்படிப் பிள்ளையை வளர்ப்பாள்?” மசக்கை என்ன அவள் கெட்டழிந்து தேடிக்கொண்டதா? சோற்று வாசனை பட்டாலே ஓங்கரிக்கும் நாட்களில் தயிர்சோறும் ஓரத்தில் ஒரு துளி ஊறுகாயும் இருந்தால்தான் நாலு வாய் உள்ளே போகும். அந்த நாலு வாய்ச் சோற்றைக் கணக்கில் சேர்க்காமல் அந்தத் துளி ஊறுகாயை மட்டும் எண்ணுகிறவர்களை என்ன செய்வது? குறுந்தொகையின் 287-ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார் நீர் சுமந்து நகரமாட்டாமல் தவிக்கும் மேகத்தை, பச்சைப் புளிக்கு ஏங்கும் நிறைசூல் பெண்களுக்கு ஒப்பிடுகிறார். அந்த ஏக்கத்தை அவர் குற்றமாகப் பார்க்கவில்லை. வானம் அளவுக்கு உயர்த்திவிட்டார்.

அடக்க வேண்டிய ஆசை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அதையும் பழைய பாட்டிலேயே பார்க்கலாம். புறநானூற்றின் 20-ஆம் பாட்டு, மண்ணைத் தின்னும் வயவுற்ற மகளிரைப் பற்றிப் பேசுகிறது. இன்றைக்கும் அடுப்புச் சாம்பல், பச்சரிசி, பல்பம், செங்கல் தூள் என்று ஒளித்துத் தின்னும் கர்ப்பிணிகள் உண்டு. அது பெரும்பாலும் ரத்தசோகையோடு சேர்ந்தே வருகிற ஆசை. நாட்டில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அதாவது அந்த மண்டபத்து முப்பது பேரில் பதினைந்து பேருக்காவது இருந்திருக்கலாம். சத்து மாத்திரையைப் பற்றி அன்று ஒரு கோஷமும் எழவில்லை. சாப்பிட்ட கையோடு எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். சோற்றிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுப்பதில் டீக்கு இணை இல்லை என்பதை எழுதிக் காட்ட எதுகையே தேவையில்லை.

அண்ணன் மருமகளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். “ஒரு துண்டுதானே, ஒண்ணும் ஆகாது. நாளைக்கும் ஒரு துண்டு தொட்டுக்கோ. ஜாடியோட மடியில வச்சுக்காத, அவ்வளவுதான்” என்றேன். பிறகு, கடைசியாக பிபி எப்போது பார்த்தார்கள் என்று கேட்டேன்.

யோசித்தாள். “போன தடவை கூட்டமா இருந்துச்சு அத்தை, பாக்கல. அதுக்கு முந்தின மாசம்... பாத்தாங்களா என்னன்னு ஞாபகம் இல்ல.”

ஊறுகாய் தொட்டது நேற்று மத்தியானம் என்பது அவளுக்குச் சரியாக ஞாபகம் இருந்தது. தாய் சேய் நல அட்டையை எடுத்து வந்து, பிபி எழுதும் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று போனிலேயே வாசிக்கச் சொன்னேன். இரண்டு மாதத்துக்குக் கட்டம் காலியாக இருந்தது.